பூவனும் ரஸ்தாளியும் கற்பூரவள்ளியும் எங்கே பிரிகின்றன?

கும்பகோணத்துத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "இங்கிலாந்தில் சைடர் என்ற ஆப்பிள் மதுவுக்கென்றே தனி ரகங்கள் வளர்க்கிறார்கள். அவற்றை இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று படித்தேன். நம் வாழைக்கு அப்படி ஒரு கணக்கு உண்டா? பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி என்று பெயர்தான் வேறு வேறாக இருக்கிறது. என் வாய்க்கு எல்லாமே வாழைப்பழமாகத்தான் தெரிகிறது. வித்தியாசம் நிஜமா, இல்லை பழக்கத்தில் சொல்கிறோமா?"

நிஜம்தான் தம்பி. கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்லும் அளவுக்கு நிஜம். கடைப்பழத்தில் அது உங்களுக்குத் தெரியாமல் போனதற்குத் தனிக் காரணம் இருக்கிறது, உங்கள் நாக்கில் குறையில்லை. எங்கள் குடும்பம் திருவையாற்றுக்குப் பக்கத்தில் கொள்ளிடப் படுகையில் மூன்று தலைமுறையாக வாழை வைக்கிறது. நான் பல வருஷம் வாழை மண்டியிலும் உட்கார்ந்திருக்கிறேன். கையால் பழகியதையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அந்த ஆப்பிள் கணக்கு. பிரிஸ்டல் நகரத்துக்குப் பக்கத்தில் லாங் ஆஷ்டன் என்ற ஊரில் 1903இல் ஒரு பழ ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அங்கே ஆப்பிள் சாற்றில் புளிப்பு தரும் அமிலம் எவ்வளவு, துவர்ப்பு தரும் டானின் எவ்வளவு என்று அளந்து நான்கு கட்டம் போட்டார்கள். அமிலத்துக்கு 0.45 சதவீதம் ஒரு கோடு, டானினுக்கு 0.2 சதவீதம் ஒரு கோடு. இரண்டுமே கோட்டுக்குக் கீழே இருந்தால் இனிப்பு ரகம். ஸ்வீட் காப்பின் அப்படிப்பட்டது. அமிலம் மட்டும் ஏறினால் புளிப்பு. டானின் மட்டும் ஏறினால் கசப்பும் இனிப்பும் கலந்தது. டாபினெட் இந்த வகை. இரண்டும் ஏறினால் கசப்பும் புளிப்பும் கலந்தது. சாமர்செட் பக்கத்துக் கிங்ஸ்டன் பிளாக் இதில் பெயர் பெற்றது. டானின் மிகுந்த ரகங்களைக் கடித்துத் தின்ன முடியாது, இளம் கொய்யாக்காயைக் கடித்த மாதிரி வாயை இழுத்துப் பிடிக்கும். ஆனால் சாறு நொதித்து மதுவான பிறகும் அந்தத் துவர்ப்பு நிற்கிறது, குடிக்கும்போது நாக்கில் ஒரு கனம் கொடுக்கிறது. அதனால்தான் அவர்கள் டானினை அளக்கிறார்கள்.

வாழையில் கணக்கு மாறுவது சரியாக இந்த இடத்தில்தான். வாழைக்காயிலும் டானின் நிறையவே உண்டு. காய் நறுக்கினால் பால் வடிந்து கையும் துணியும் கறுத்துப்போகிறதே, அந்தப் பாலோடு இருப்பதுதான் அது. காய் பழுக்கும்போது டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிதாகி, கரையாத நிலைக்குப் போய்விடுகின்றன. பழத்தை விட்டு எங்கேயும் போவதில்லை. எச்சிலில் கரையாததால் நாக்குக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஆகவே நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தில் துவர்ப்பு என்ற கட்டமே காலியாகிவிடும். ஒரு பழம் துவர்த்தால் அது இன்னும் பழுக்கவில்லை என்று அர்த்தம், ரகத்தின் மேல் பழி போடக்கூடாது. மண்டியில் இருந்த காலத்தில் நான் அதிகம் சொன்ன வார்த்தை இதுவாகத்தான் இருக்கும்.

அப்போது வாழையில் எதை வைத்துப் பிரிப்பது? என் அனுபவத்தில் மூன்று விஷயம்: புளிப்பு எவ்வளவு, மாவு எவ்வளவு மிச்சம், மணம் எப்படிப்பட்டது.

புளிப்பில் ஆரம்பித்தால் பூவன்தான் முன்னால் நிற்கும். டெல்டாவில் சாமிக்கு வைப்பதிலிருந்து தாம்பூலப் பை வரைக்கும் எல்லாவற்றுக்கும் பூவன். இலைக்கும் அதைத்தான் நிறைய வைக்கிறோம். ரொம்பப் பழகிவிட்டதால் அதன் சுவையை யாரும் நின்று கவனிப்பதில்லை. ஒரு பூவனை உரித்து நுனியைக் கொஞ்சம் கடித்து, மெல்லாமல் நாக்கின் இரண்டு ஓரத்துக்கும் தள்ளிப் பாருங்கள். இனிப்பு வருவதற்கு முன்னாலேயே ஓரத்தில் ஒரு சுருக்கென்ற புளிப்பு தெரியும். சதை கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், சீக்கிரம் குழையாது. மணம் அடக்கமானது, பழத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் வரும். இந்தப் புளிப்பு மஞ்சள் ஏறிய முதல் ஒன்றிரண்டு நாளில் தூக்கலாக இருந்து, தோலில் புள்ளி விழ விழ இறங்கும். புளிப்பு பிடிக்காதவர்கள் பூவனை இரண்டு நாள் கூடுதலாகக் காத்துச் சாப்பிட்டால் வேறு பழம் மாதிரியே இருக்கும்.

ரஸ்தாளி கதை வேறு. இது என் பழம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். தோல் மெல்லிசு. பழுத்தால் பொன்மஞ்சள். உள்ளே சதை யானைத் தந்தம் மாதிரி வெள்ளை, பூவனின் இளமஞ்சள் இதில் கிடையாது. வாயில் போட்டால் இனிப்பும் மெல்லிய புளிப்பும் ஒன்றாக வரும், ஒன்று இன்னொன்றை அமுக்காது. அதற்கு மேல் ஒரு மணம், பழுத்த ஆப்பிளை வெட்டியவுடன் வருமே அதற்குக் கிட்டத்தட்ட. இது என் கற்பனை என்று நினைக்க வேண்டாம். பிரேசில் நாட்டில் நம் ரஸ்தாளிக் குடும்பத்துப் பழத்துக்கு வழங்கும் பெயரே 'மசா' வாழை. போர்த்துகீசிய மொழியில் மசா என்றால் ஆப்பிள். நீங்கள் ஆப்பிளில் தொடங்கிய கேள்வி ரஸ்தாளியில் வந்து நிற்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஆனால் ரஸ்தாளி சீக்கிரம் பிடிகொடுக்காத பழம். முழுதாகக் கனியும் வரை துவர்ப்பு விடாது. தோல் மஞ்சளாகி ஒருநாள் ஆகியும் உள்ளே துவர்க்கும். மஞ்சளைப் பார்த்து உரித்தவர்கள் "ரஸ்தாளி நாக்கைப் பிடிக்கிறது" என்று ஒதுக்கிவிடுவார்கள். தோல் இன்னும் மெலிந்து, அங்கங்கே கரும்புள்ளி விழுந்து, காம்பைத் தொட்டால் பழம் கழன்று வரும் பக்குவத்தில்தான் அது ரஸ்தாளி. அந்தப் பக்குவத்தில் சீப்பைத் தூக்கினால் பழம் உதிர்ந்துவிடும். வியாபாரிக்கு அது நஷ்டம், அதனால் ஒருநாள் முந்தியே விற்றுவிடுவார். இன்னொன்று, சில தாரில் சதைக்கு நடுவே கட்டி விழும். பழம் முழுக்கக் கனிந்திருக்க, உள்ளே சுண்டைக்காய் அளவு ஓர் இடம் மட்டும் காய் மாதிரி வெடவெடவென்று நிற்கும். வயலிலேயே வரும் கோளாறு அது, வீட்டில் எத்தனை நாள் வைத்தாலும் கனியாது. போதாக்குறைக்கு வாடல் நோய்க்கும் ரஸ்தாளி சீக்கிரம் பலியாகும். எங்கள் படுகையில் ஒரு காலத்தில் பாதிக்கு மேல் ரஸ்தாளி நின்றது. இப்போது அப்பா வைத்த இடத்தில் நான் பூவனும் கற்பூரவள்ளியும்தான் வைக்கிறேன். ரஸ்தாளி வீட்டுக்கென்று வாய்க்கால் ஓரம் இருபது மரம்.

கற்பூரவள்ளியில் இனிப்புதான் ராஜா. தோல் தடிமன், மேலே சாம்பல் பூசிய மாதிரி ஒரு மெழுகுப் படலம். பெயரில் கற்பூரம் இருந்தாலும் நான் எத்தனையோ தார் உரித்தும் கற்பூர வாசம் பிடித்ததில்லை. பழுத்தால் தேன் மாதிரி ஒரு கனமான மணம், கொழகொழவென்ற சதை, நாக்கில் ஒட்டிக்கொள்ளும் இனிப்பு. புளிப்பு இருந்தாலும் அந்த இனிப்புக்கு முன்னால் தலைகாட்டாது. எப்போதாவது மிளகு மாதிரி கறுப்பு விதை பல்லில் படும். பயப்பட வேண்டாம், அருகில் மகரந்தம் கொடுக்கும் வேறு வாழை இருந்தால் இந்த ரகத்தில் விதை பிடிக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேந்திரனும் மொந்தனும் மாவுக் கட்டத்தில் வருபவை. மற்ற ரகங்களில் காயாக இருக்கும்போது சதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாவுச்சத்து இருந்து, பழுக்கும்போது ஒன்றிரண்டு சதவீதம் மட்டும் மிஞ்ச மற்றதெல்லாம் சர்க்கரையாகிவிடும். நேந்திரன் பழுத்தாலும் மாவைக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளும். அதனால்தான் அதை வேகவைத்தால் ருசி கூடுகிறது. பச்சை வாழைப்பழம் என்று விற்கும் ரொபஸ்டாவில் புளிப்பு குறைவு, மணம் நேரடியாக வரும், அதில் அடுக்கு கிடையாது. செவ்வாழை நம் டெல்டாவின் பயிர் என்று சொல்ல முடியாது, தெற்கிலிருந்தும் மலையடிவாரத்திலிருந்தும் வருவதுதான் அதிகம். ஏலரிசி கிடைத்தால் விடாதீர்கள். விரல் நீளம்தான், ஆனால் மணத்தில் ரஸ்தாளிக்குப் பக்கத்தில் உட்காரும்.

இனி மணத்துக்கு வருவோம். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு மாதிரி சில விஷயம்தான். ரகத்துக்கு ரகம் அடையாளம் போடுவது மூக்கு. வாழைப்பழத்தின் பொதுவான மணத்துக்கு முதல் காரணம் ஐசோஅமைல் அசிடேட். எஸ்டர் என்ற வகையைச் சேர்ந்த வாசனைப் பொருள் அது. மிட்டாய்க்கும் ஐஸ்கிரீமுக்கும் போடும் வாழைப்பழ எசன்ஸில் முக்கியச் சரக்கு அதுதான். தேனீ கொட்டும்போது கூட்டத்தைக் கூப்பிட விடும் எச்சரிக்கை வாசனையிலும் அதே பொருள்தான் பிரதானம். தேன்பெட்டி வைத்திருப்பவர்கள் வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைத் திறக்க மாட்டார்கள்.

ஒரே எஸ்டர் எல்லா வாழையிலும் இருந்தால் எல்லாம் ஒன்றுபோல் மணக்க வேண்டாமா? இங்கேதான் கலவை விஷயம் வருகிறது. பழம் பழுக்கும்போது லியூசின், வாலின் போன்ற அமினோ அமிலங்களிலிருந்து சில ஆல்கஹால்களைச் செய்து, அவற்றை அமிலத்தோடு சேர்த்து எஸ்டராக்குகிறது. லியூசின் வழியில் போனால் ஐசோஅமைல் வகை, வாலின் வழியில் போனால் ஐசோபியூட்டைல் வகை. அசிடேட்டாக முடிந்தால் கூர்மையான மிட்டாய் மணம், பியூட்டிரேட்டாக முடிந்தால் கனிந்த பழத்தின் கனமான மணம். இவற்றோடு யூஜினால், எலிமிசின் போன்றவை கொஞ்சமாகச் சேரும். யூஜினால் வேறெதுவும் இல்லை, கிராம்புக்கு மணம் கொடுப்பதே அதுதான். நல்ல பழத்தைச் சாப்பிட்டு முடித்த பிறகு தொண்டையில் மெல்லிய மசாலா வாசம் நிற்கிறதே, அதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. எந்த வழியில் எவ்வளவு போகிறது என்பது ரகத்துக்கு ரகம் மாறுகிறது. சமையலில் ஒரே மசாலாப் பொருட்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டிலும் குழம்பு வேறு வேறாக வருவது போலத்தான்.

சிலர் ரகத்தின் மரபணுக் குறியீட்டை வைத்துச் சுவையைச் சொல்லப் பார்ப்பார்கள். உண்ணும் வாழைகள் மியூசா அக்யூமினேட்டா, மியூசா பால்பிசியானா என்ற இரண்டு காட்டு இனங்களின் வழி வந்தவை. முதலாவதை ஏ என்றும் இரண்டாவதை பி என்றும் குறித்து, 1955இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இருவர் வகைப்பாடு செய்தார்கள். திருச்சியில் 1993இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலும் இந்தக் குறியீட்டில்தான் பேசுகிறார்கள். மரத்தை அறிய அது நல்ல கணக்கு. ஆனால் பூவன் ஏஏபி, அதாவது இரண்டு பங்கு ஏ, ஒரு பங்கு பி. ரஸ்தாளியும் ஏஏபி, நேந்திரனும் ஏஏபி. ஒன்று புளிக்கும், ஒன்று மணக்கும், ஒன்று மாவாக நிற்கும். ஆக, சுவைக்கு அந்த எழுத்துகள் போதாது.

சரி, இவ்வளவு வித்தியாசம் இருந்தும் கடைப்பழத்தில் ஏன் தெரியவில்லை? பழுக்க வைக்கும் முறைதான் காரணம். வாழை தன்னைத்தானே பழுக்க வைத்துக்கொள்ளும் பழம். காய் முற்றியதும் எத்திலின் என்ற வாயுவை விடும். அந்த எத்திலினே மாவைச் சர்க்கரையாக்கும் வேலை, தோலின் பச்சையத்தை அழிக்கும் வேலை, டானினைக் கோக்கும் வேலை, மணம் செய்யும் வேலை என எல்லாவற்றையும் ஆரம்பித்து வைக்கும். ஆனால் எல்லா வேலையும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. தோல் முதலில் மஞ்சளாகும். மணம் கடைசியில்தான் நிறையும்.

அப்பா காலத்தில் எங்கள் கொல்லையில் புகைக்குழி இருந்தது. இடுப்பளவு ஆழம். அடியிலும் சுற்றிலும் வாழைச்சருகு பரப்பித் தார்களை அடுக்குவார். ஓரத்தில் ஒரு மண்பானை, அதில் வறட்டி கனன்று புகையும். மேலே சருகும் சாக்கும் போட்டு மண்ணால் மெழுகிவிடுவார். வெயில் காலத்தில் ஒருநாள், மார்கழிக் குளிரில் இரண்டு நாள். மூடியைப் பிரிக்கும்போது முதலில் முகத்தில் அடிப்பது புகை. அது விலகியதும் அடியிலிருந்து பழவாசம் ஏறி வரும். அப்பா கண்ணால் பார்க்கும் முன்னே குனிந்து மோப்பம் பிடித்து, "பூவன் ஆயிடுச்சு, ரஸ்தாளி நாளைக்கு" என்பார். புகையில் எத்திலின் உண்டு என்பது அவருக்குத் தெரியாது, ஆனால் அது செய்யும் வேலை அத்துப்படி. குழியிலிருந்து எடுத்த தாரையும் உடனே விற்க மாட்டார், நிழலில் காற்றாடத் தொங்கவிட்டு ஒருநாள் விடுவார். மணம் நிறைந்தது அந்த ஒருநாளில்தான்.

இப்போது எத்திலின் அறைகள் வந்துவிட்டன. 16, 18 டிகிரி குளிர்ச்சியில், ஈரப்பதத்தோடு, அளவாக எத்திலின் விட்டுப் பழுக்க வைக்கிறார்கள். முறையாகச் செய்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பழம் தானே விடும் வாயுதான் அது. 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு வரை, உணவுப் பாதுகாப்பு விதியும் அனுமதிக்கிறது. கெடுப்பது அவசரம். முக்கால் முற்றலுக்கும் கீழே இருக்கும் காயை வெட்டி, மஞ்சள் ஏறியதும் அன்றே கடைக்கு அனுப்பினால், சர்க்கரையும் முழுதாக வராது, மணமும் வராது. எல்லா ரகமும் ஒரே மாதிரி மங்கலான இனிப்பில் வந்து நிற்கும். கார்பைடு கல் வைத்தால் கேட்கவே வேண்டாம். அதிலிருந்து வரும் அசிட்டிலின் தோலை மஞ்சளாக்கிவிடும், உள்ளே சதை காய்வெட்டாகவே இருக்கும். ஆர்செனிக், பாஸ்பரஸ் போன்ற அசுத்தமும் அந்தக் கல்லில் இருக்கும். சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது, தடை செய்தது சரிதான்.

தோல் நிறத்தை நம்பக்கூடாது என்பதற்கு எதிர்ப்பக்கமும் ஓர் உதாரணம் உண்டு. ரொபஸ்டா நம் சித்திரை வெயிலில் பழுத்தால் தோல் பச்சையாகவே இருக்கும், சதை மட்டும் கனிந்துவிடும். வெப்பம் கூடினால் அந்த ரகத்தில் பச்சையம் சரியாக அழிவதில்லை. குளிர் அறையில் பழுத்த அதே ரொபஸ்டா பளிச்சென்று மஞ்சளாக நிற்கும். நிறத்தைப் பார்க்காமல் காம்படியில் முகர்ந்து வாங்குங்கள். மணம் வந்திருந்தால் பழம் பழுத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைக்குக் குளிர் அடித்துவிடும். தோல் கறுக்கும், மணம் செய்யும் வேலை நின்றுவிடும், வெளியே எடுத்து வைத்தாலும் பழைய வழிக்குத் திரும்பாது.

ஆறேழு வருஷம் முன்னால் ஒரு பொங்கல் சமயம். வீட்டுப் பிள்ளைகள் உங்களைப் போலவே "எல்லாம் ஒண்ணுதானே" என்றார்கள். துண்டால் கண்ணைக் கட்டிவிட்டு மூன்று ரகத்தையும் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்தேன். பிள்ளைகள் இரண்டாவது சுற்றிலேயே பூவனைப் பிடித்துவிட்டார்கள், புளிப்பு காட்டிக்கொடுத்தது. கற்பூரவள்ளியையும் இனிப்பை வைத்துச் சொல்லிவிட்டார்கள். பெரியம்மா முறை வந்தது. அவர் துண்டை வாயில் போடவே இல்லை. மூக்குக்கு நேரே கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு, "இது ரஸ்தாளி. ஆனா நாளைக்குச் சாப்பிட வேண்டியதை இன்னிக்கு அறுத்துட்டே" என்றார். நறுக்கிய எனக்கே அந்த ஒருநாள் கணக்கு தெரியவில்லை. மிச்சச் சீப்பை மறுநாள் எடுத்தபோது அவர் சொன்னதுதான் சரி.

நீங்களும் செய்து பாருங்கள். மூன்று ரகத்திலும் ஒவ்வொரு சீப்பு, பாதிப் பழமாக வாங்கி வந்து காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மூன்றும் ஒரே நாளில் பக்குவத்துக்கு வராது, அதனால் நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பூவன் முழு மஞ்சள், கற்பூரவள்ளியில் அழுத்தினால் விரல் பதியும் மென்மை, ரஸ்தாளியில் கரும்புள்ளி. அந்தந்தப் பக்குவம் வரும்போது ருசி பாருங்கள். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து கிடைத்த நாளில் ரஸ்தாளியை முதலில் சாப்பிடுங்கள், அடுத்து பூவன், கற்பூரவள்ளி கடைசி. அதன் இனிப்பு முந்திக்கொண்டால் மற்ற இரண்டும் சப்பென்று போய்விடும். நடுவில் ஒரு வாய் தண்ணீரும் கொஞ்சம் பொரியும் போதும், நாக்கு கழுவிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

கடைசியாக, மூக்கை விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு ரஸ்தாளியை மெல்லுங்கள். வெறும் இனிப்பும் லேசான புளிப்பும் மட்டும்தான் தெரியும், எந்தப் பழம் என்றே சொல்ல முடியாது. விழுங்குவதற்கு முன்னால் விரலை எடுத்துவிடுங்கள்.